தேக்கிலையில் வெந்த ரொட்டி

பெட்டி அடுப்பின் மூடியை ஈரத்துணியால் பிடித்து இழுத்தேன். உள்ளே இருபது இலைப் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. முதல் பொட்டலத்தை எடுத்து, விரல் சுடச்சுடப் பிரித்தேன். வெந்த மாட்டுக்கறி வாசனையும் வெண்ணெய் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. அடுத்த நொடியே என் கை நின்றுவிட்டது.

ரொட்டி சிவந்திருந்தது.

பொரிந்து சிவந்த சிவப்பு இல்லை. ரத்தச் சிவப்பு. மேல் தோல் முழுக்கத் திட்டுத் திட்டாக ஈரமாக ஊறியிருந்தது. கோழியை அறுத்து அதன்மேல் வைத்து எடுத்ததுபோல் இருந்தது.

இரண்டாவதைப் பிரித்தேன். அதுவும் அப்படித்தான். மூன்றாவது அதைவிட மோசம்.

வெளியே வேப்பமரத்தடியில் கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. பிரம்பு நாற்காலிகள் கிறீச்சிட்டன. சேலத்திலிருந்து வந்திருந்த பெரிய துரை சிரித்தார்.  என் வீட்டுக்காரருக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அவருக்காகத்தான் இந்த ரொட்டி. அவருக்காகத்தான் விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றேன்.

வேறு ரொட்டி ஒன்றுகூடக் கிடையாது.

நாலு மைல் நடை

கல்யாணமாகி நான் சங்ககிரி ரயிலடிக்கு வந்த கதையைப் போன வாரம் எழுதினேன். அதைப் படித்த ஒரு பெண், "உங்கள் வீட்டுக்காரர் ரயில்வேயில் என்ன வேலை பார்த்தார், சொல்லவே இல்லையே" என்று எழுதிக் கேட்டிருந்தாள். அவர் பெயரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எழுதலாம், தப்பில்லை. காளியப்பன். கீமேன் வேலை.

தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்க இரும்பு ஆப்பு அடித்திருப்பார்கள். அதற்குக் கீ என்று பெயர். வண்டி ஓட ஓட அது தளர்ந்து வெளியே வரும். தினமும் காலையில் நீளக் காம்புச் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பில் சிவப்பு பச்சைக் கொடிகளைச் செருகிக்கொண்டு, நாலு மைல் நடந்து ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்துவிட்டு வர வேண்டும். அந்தச் சுத்தியல் சத்தத்தை வைத்தே அவர் எத்தனை தூரத்தில் வருகிறார் என்று எங்கள் குடிசை வளவில் சொல்லிவிடுவார்கள்.

சண்டைக் காலம். சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு வண்டி வண்டியாகப் போகும். லைனில் ஒரு சின்னத் தப்பு என்றாலும் பெரிய விசாரணை வைப்பார்கள்.

நான் ஏழு மாதம் முழுகாமல் இருந்தேன். ஒருநாள் காலை வலி கண்டது. பேறு பார்க்க வந்த ராமாயி அக்கா எவ்வளவோ பாடுபட்டாள். குழந்தை பிறந்தது. அழவில்லை.

ராமாயி அக்காதான் லைனோரமே ஓடி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான்தான் போகச் சொன்னேன். அவர் வந்து, தலைத்துண்டை அவிழ்த்து, குழந்தையை அதில் சுற்றி, லைன் சாமான் பெட்டியிலிருந்த கடப்பாறையை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனார். அடக்கம் செய்துவிட்டு ஓடையிலேயே கைகால் கழுவிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனார். எல்லாமாக ஒன்றரை மணி நேரம் இருக்கும்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போய்விட்டது. அவருடைய நாலு மைலுக்குள் ஓரிடத்தில் வண்டி தூக்கிப் போட்டது என்று டிரைவர் ஈரோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். போய்ப் பார்த்தால் இரண்டு கீயைக் காணவில்லை. லைனில் கீமேனையும் பார்க்கவில்லை என்று அந்த டிரைவர் எழுதியிருந்தார்.

விசாரணைக் கடுதாசியை ஆபீஸ் குமாஸ்தா எழுதினார். நல்ல மனசோடுதான் எழுதினார். "நாள் முழுவதும் லைனை விட்டு நகரவில்லை" என்று எழுதி இவரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார். இவரும் வைத்துவிட்டு வந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, நெசத்தைச் சொல்லிப்போடுங்களேன். பொதைக்கப் போனேன்னா அவிகளுக்கும் புள்ளகுட்டி இருக்குமில்ல?"

"சொல்லி?"

"எரக்கப்படுவாங்க."

"எம் புள்ளையக் காட்டி நான் எரக்கம் வாங்கோணுமா? குமாஸ்தா எழுதுவான். அதை நாலு பேரு படிப்பான். அப்பறம் ஒருத்தன் சீல் குத்துவான். பேருகூட வெக்காத புள்ளைக்கு ரயில்வே சீலு எதுக்கு? இந்தப் பேச்சை இத்தோட உட்டுப்போடு."

விட்டுவிட்டேன். அதன்பிறகு எங்கள் குடிசையில் அந்தப் பேச்சு மட்டுமல்ல, எந்தப் பேச்சும் இல்லை. விசாரணை முடியும்வரை அவருக்கு லைன் வேலை கிடையாது என்று நிறுத்தி வைத்தார்கள். சுத்தியல் மூலையில் சாய்ந்து நின்றது.

கறியைக் கட்டிப் போட்ட கதை

லைனைப் பார்த்துக்கொள்ளும் இன்ஸ்பெக்டரை நாங்கள் ட்ராலி துரை என்போம். சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். அவருடைய துரைசானியம்மா நல்ல மாதிரி. கோபம் வந்தால் தட்டைத் தூக்கிப் போடுவார். உடையாத தகரத் தட்டாகப் பார்த்துத்தான் போடுவார். அவர்கள் வீட்டுச் சமையற்காரர் பட்டாளத்துச் சமையலுக்குப் போய்விட்டதால், பாத்திரம் கழுவும் மேட்டியாக என்னைச் சேர்த்து, சமையலையும் பழக்கினார். எனக்குக் குழந்தை தவறியது அம்மாவுக்குத் தெரியும். எந்த நாளில் என்பது தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

நான் அந்த வீட்டில் வாயைத் திறந்து பேசியதே குறைவு. "சரிங்கம்மா", "ஆச்சுங்கம்மா", இவ்வளவுதான். அந்நிய ஆம்பிளை யாராவது பின்கட்டுக்கு வந்தால் விறகு அடுக்கின் மறைவில் போய் நின்றுகொள்வேன்.

பெரிய துரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறார் என்று சேதி வந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பாவாயி, நல்லாக் கேளு. விருந்து இல்லே. மேசை இல்லே, கத்தி இல்லே, முள்ளு இல்லே. எட்டுப் பத்துப் பேர் மரத்தடியில உக்காருவாங்க, சீட்டு ஆடுவாங்க, கையில புடிச்சிச் சாப்பிடுவாங்க. பெரிய தொரைக்கு சுட்ட சாண்ட்விச்சுன்னா உயிரு. சாப்பிட்டு சந்தோசமா இருக்கறப்போ உன் புருசன் விசயம் நான் பேசறேன். அதுவரைக்கும் நீயும் பேசாதே, அவனும் பேசக் கூடாது."

எங்கள் வளவுக்கு மாட்டுக்கறி புதிதில்லை. கொத்திக் குழம்பு வைப்போம், மிஞ்சினால் உப்புக்கண்டம் போடுவோம். ஆனால் ஊர்த் தெரு வழியாகக் கறிக்கூடையைக் கொண்டுவர முடியாது. கறிக்கடை பாயிடம் வாங்கி, தேக்கிலையில் சுற்றிக் கூடையில் வைத்து, மேலே புல்லைப் பரப்பி, ரயில் பாதை ஓரமாகவே தூக்கிக்கொண்டு வர வேண்டும். அன்றும் அப்படித்தான் இவர் விடியற்காலையில் கொண்டுவந்து வைத்தார்.

அம்மா சொல்லிக் கொடுத்தபடி, கறியை வெட்டாமல் முழுசாக நூலால் இறுக்கிக் கட்டினேன். அதைப் பார்த்து, எத்தனையோ நாளைக்கப்புறம் இவர் வாயைத் திறந்தார்.

"எதுக்குப் புள்ளே கட்டற? ஓடிப் போயிருமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே சிரித்துவிட்டோமே என்று பயமாகவும் இருந்தது.

மிளகு, கிராம்பு, பட்டை, காடி என்கிற வினிகர் கொஞ்சம், கை நிறைய வெங்காயம். சட்டியை மூடி, சின்னத் தணலில் பொழுது ஏறும்வரை வேகவிட்டேன். ஆறியதும் நாரின் குறுக்கே கத்தி போட்டு, வெற்றிலை கனத்துக்கு அரிந்தேன். ஈரோட்டிலிருந்து ரயில் கார்டு கொண்டுவந்து கொடுத்த உருண்டை ரொட்டியை இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் வெண்ணெய், ஒரு பக்கம் அரைத்த கடுகு. நடுவில் கறி அடுக்கி, சட்டியில் வற்றிய சாற்றில் ஒரு கரண்டி. மூடி, பொட்டலமாகச் சுற்றி, பெட்டி அடுப்பில் வைக்க வேண்டும். பெட்டி அடுப்பு என்றால், மண்ணெண்ணெய் டின்னைப் படுக்கப் போட்டுச் சுற்றிலும் மண் பூசி, கீழேயும் மேலேயும் தணல் போட்டது. பொட்டலத்துக்குள்ளேயே ரொட்டி சாற்றைக் குடித்துக்கொண்டு சூடாகும். சுற்றாமல் வைத்தால் காய்ந்து கட்டையாகிவிடும்.

சுற்றுவதற்கு எண்ணெய்க் காகிதம் வேண்டும். சண்டையில் அதுவும் வருவதில்லை. அம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்த காகிதத்தை எலி கடித்துச் சல்லடையாக்கியிருந்தது. செய்தித்தாளில் சுற்றக் கூடாது என்று கண்டிப்பு. முந்தைய சமையற்காரர் ஒருதரம் அப்படிச் சுற்றி, சண்டைச் செய்தி முழுக்க ரொட்டிமேல் தலைகீழாக அச்சாகி, விருந்தாளிகள் கண்ணாடியைக் கொண்டுவந்து படித்தார்களாம்.

அம்மா உள்ளே ஒன்று மாற்றி ஒன்றாக ஐந்தாறு கவுன் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எதில் சுற்றுவது என்று கேட்கப் பயம். வாழையும் அந்த வருசத்து வெயிலில் பட்டுப்போயிருந்தது. கறி சுற்றி வந்த தேக்கிலைக் கட்டில் பாதி மிச்சம் இருந்தது. நாங்கள் கறியை இலையில் சுற்றிச் சாம்பலில் புதைத்துச் சுடுவது உண்டு. அதே வேலைதானே என்று தைரியம் வந்தது.

அங்கேதான் தப்புச் செய்தேன். எங்கள் வீட்டுக்கு என்றால் முற்றின பெரிய இலையைத்தான் எடுத்திருப்பேன். துரைமார் சாப்பிடுவது, சொரசொரவென்று இருக்கக் கூடாது என்று கட்டைப் பிரித்து, பட்டுப் போல இருந்த கொழுந்து இலையாகப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்துக் கழுவி, மடிப்பு மடிப்பாகச் சுற்றினேன். தேக்குக் கொழுந்தைக் கசக்கினால் மருதாணி தோற்றுப்போகும்படி கை சிவக்கும். சின்ன வயதில் கோயில் நோம்பி, திருவிழா என்றால் நாங்கள் அதைத்தான் பூசிக்கொள்வோம். எத்தனையோ தரம் பூசிய கைதான். அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

சுரண்டச் சுரண்டச் சிவப்பு

கத்தியை எடுத்து ஒரு ரொட்டியின் மேல்தோலைச் சுரண்டினேன். கீழேயும் சிவப்பு. இன்னும் சுரண்டினேன். ரொட்டி கிழிந்து கறி வெளியே வந்தது. தட்டில் பார்க்க இன்னும் கோரமாகிவிட்டது.

 பின்பக்கக் கிணற்றில், ஒத்தாசைக்கு வந்திருந்த இவர் தண்ணீர் சேந்தும் ராட்டினச் சத்தம் கேட்டது. கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? உங்கள் பிழைப்பை இலையில் சுற்றி வேகவைத்துவிட்டேன் என்றா?

"பாவாயி, ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா வந்தார். தட்டைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ! ரத்தம்! கறி வேகலியா? பச்சையா வெச்சியா?"

"இல்லீங்கம்மா... வெந்துருச்சுங்கம்மா..."

"பின்னே இது என்னா?"

 அம்மா ஒன்றைப் பிய்த்துப் பார்த்தார், முகர்ந்தார், கீழே போட்டார். "போச்சு. எல்லாம் போச்சு. நான் என்னத்தைக் கொண்டுபோய் வைப்பேன்?" அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அம்மா தட்டைத் தூக்கிப் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அப்போது வாசலில் பூட்ஸ் சத்தம். பெரிய துரை கையில் கண்ணாடித் தம்ளரோடு, வாசனையைப் பிடித்துக்கொண்டே பின்கட்டுக்கு வந்துவிட்டார். இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

விறகு அடுக்கின் மறைவுக்கு ஓட வழியில்லை. வாசலை அவர்தான் அடைத்துக்கொண்டு நின்றார்.

"பெண்ணே," என்றார். பரீட்சைக்குப் படித்த தமிழ். "இது யாருடைய இரத்தம்?"

 கூடையில் கிடந்த கொழுந்து இலை ஒன்றை எடுத்து, இரண்டு கையிலும் வைத்துக் கசக்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். ரத்தமாகச் சிவந்திருந்தது.

"எலைச் சாறுங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். தம்ளரை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தன் கையை நீட்டினார். கையில் எப்படி வைப்பது? ஓர் இலையை எடுத்து ஜன்னல் கட்டைமேல் வைத்துவிட்டு விலகினேன். அவரே எடுத்துக் கசக்கினார். வெள்ளை உள்ளங்கை முழுக்கச் சிவப்பு.

பெரிதாகச் சிரித்தார். தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து, சிவப்போடு சேர்த்துக் கடித்தார். மென்றார். இன்னொரு கடி கடித்தார்.

"நன்று," என்றார். "மிகவும் நன்று."

அம்மா அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.  அத்தோடு அவரை வெளியே கூட்டிப் போயிருக்கலாம். அம்மாவுக்கு இதுதான் சமயம் என்று தோன்றிவிட்டது.

"இவ நம்ம கீமேன் காளியப்பன் பொண்சாதி," என்றார்.

துரையின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

கிணற்றடியில் ராட்டினம் நின்றது

மிச்ச ரொட்டியைத் தட்டில் வைத்தார். முகமே வேறாகிவிட்டது.

"உன் புருஷன் லைனை விட்டுப் போகவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். ஆனால் பார்த்தவன் ஒருவன் இருக்கிறான். துணி மூட்டை. கடப்பாறை. ஓடைக்குப் போனான், எதையோ புதைத்தான், கை கழுவினான். காணாமல் போனவை இரண்டு கீ மட்டுமா, இன்னும் எத்தனை இரும்பா, எனக்குத் தெரிய வேண்டும். யுத்த காலத்தில் இரும்பு திருடுகிறவனுக்கு வேலை போவது மட்டும் தண்டனை இல்லை. நாளைக் காலையில் போலீசார் வந்து அந்த இடத்தைத் தோண்டுவார்கள்."

அம்மா இங்கிலீஷில் என்னவோ படபடவென்று பேசினார். அவர் காதில் வாங்கவில்லை. என்னையே பார்த்தார்.

"அங்கே என்ன இருக்கிறது?"

கிணற்றடியில் ராட்டினச் சத்தம் நின்றுபோயிருந்தது. பாதியில் நின்ற வாளியிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. இவர் காதிலும் விழுந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

சொன்னால் கடுதாசி பொய் என்று ஆகிவிடும். கைநாட்டு வைத்தவருக்கு வேலை போகும். அதன்கீழ் கையெழுத்துப் போட்ட ட்ராலி துரைக்கும் கெட்ட பெயர். இந்தப் பேச்சை விட்டுப்போடு என்று இவர் சொன்னதை மீறியதாகும். சொல்லாவிட்டால் நாளைக் காலையில் கடப்பாறை.

இவ்வளவும் நான் நின்று யோசித்தேன் என்று சொன்னால் பொய். கடப்பாறை என்ற ஒன்றுதான் கண்ணுக்குள் இருந்தது.

"தோண்டாதீங்க சாமி!"

அந்தச் சத்தம் என்னிடமிருந்துதான் வந்தது என்று நம்பச் சிறிது நேரம் ஆயிற்று. மரத்தடியில் பேச்சு அடங்கியது.

"அங்க எம் புள்ளை இருக்குதுங்க."

துரைக்குப் புரியவில்லை. "பிள்ளையா? என்ன பிள்ளை?"

"பொறந்தப்பவே மூச்சில்லீங்க. நாந்தாங்க ஆளை உட்டு அவரைக் கூப்பிட்டேன். அவரு துண்டுல சுத்தித் தூக்கிட்டுப் போனாருங்க. லைனை உட்டுட்டு வந்தது நெசந்தானுங்க. கடுதாசியில எழுதினது பொய்யிங்க. வேலையை வேண்ணா எடுத்துக்குங்க. இரும்பு ஒண்ணும் இல்லீங்க சாமி, தோண்டிப்போடாதீங்க."

அம்மா மாவு டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெளியே பாட்டு முடிந்து, கிராமபோன் தட்டின்மேல் முள் மட்டும் சரக் சரக் என்று தேய்ந்துகொண்டிருந்தது. எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

துரை கைக்குட்டையால் உள்ளங்கைச் சிவப்பைத் துடைத்தார். போகவில்லை. மறுபடி துடைத்தார்.

"ஆணா, பெண்ணா?" என்று கேட்டார்.

எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். செத்துப் பிறந்தால் தாயிடம் காட்ட மாட்டார்கள், ஆணா பெண்ணா என்று சொல்லவும் மாட்டார்கள். தெரிந்தால் ஏக்கம் பிடித்துக்கொள்ளும், அடுத்தது தங்காது என்பார்கள். ராமாயி அக்காவிடம் ஒருதரம் கேட்டேன். என் வாயைக் கையால் பொத்தினாள். இவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

"தெரியாதுங்க," என்றேன்.

துரை என்னைப் பார்த்த பார்வையில், இவள் பொய் சொல்கிறாள் என்ற நினைப்பு வருவது தெரிந்தது. பெற்றவளுக்கே தெரியாதா?

"பொட்டப்புள்ளைங்க."

பின்வாசலில் இவர் நின்றிருந்தார். கையில் கிணற்றுக் கயிறு. ஈரம் அப்படியே சொட்டியது.

"நீதானே காளியப்பன்?"

"ஆமாங்க தொரே."

"இதை ஏன் நீ எழுதிக் கொடுக்கவில்லை?"

"தப்புப் பண்ணினது நானுங்க. அது என்னங்க பண்ணுச்சு? அதைக் கொண்டாந்து எதுக்குங்க விசாரணையில எழுதோணும்?"

துரை, தான் கடித்து வைத்த ரொட்டியைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். வெளியே போய்விட்டார்.

அம்மா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தட்டை எடு, ஆறிப்போவுது," என்றார். குரல் கரகரத்தது. கிழிந்ததும் பிய்ந்ததும் போக ஒன்றுகூட மிஞ்சவில்லை. வந்திருந்த பெண்கள் இலைச் சேதியைக் கேள்விப்பட்டு, கொழுந்து வேண்டும் என்று வாங்கிப்போய், ஒருவர் கையில் ஒருவர் தேய்த்துச் சிரித்தார்கள். நான் அடுப்பில் மிஞ்சிய தணலைத் தண்ணீர் தெளித்து அணைத்தேன். இவர் மறுபடி தண்ணீர் சேந்தினார்.

வந்த உத்தரவு

மறுநாள் விடிந்ததும் இவர் என்னைப் பார்த்து, "வா," என்றார். அந்த இடம் எது என்று அன்றுதான் எனக்குக் காட்டினார். ஓடைக் கரையில் ஓர் ஆவாரம் புதர். பக்கத்தில் சின்னதாக மூன்று கல். இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். போலீஸ் வருகிறதா என்று ரயிலடிப் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். தூரத்தில் ஆள் தலை தெரிந்தால் இவர் எழுந்து நிற்பார். ஆடு மேய்ப்பவன் என்று தெரிந்ததும் உட்காருவார். உச்சிப் பொழுது தாண்டியது. யாரும் வரவில்லை.

பதினைந்து இருபது நாள் கழித்து உத்தரவு வந்தது. திருட்டுப் பேச்சு அதில் இல்லை. குழந்தைப் பேச்சும் இல்லை. அனுமதி இல்லாமல் லைனை விட்டு நீங்கினதற்காகக் கீமேன் வேலையிலிருந்து இறக்கி, மகுடஞ்சாவடிப் பக்கம் லைன் பழுது பார்க்கும் கேங்குக் கூலியாகப் போட்டிருக்கிறது என்று குமாஸ்தா படித்துக் காட்டினார். ட்ராலி துரைக்கும் ஏதோ கண்டனம் வந்ததாம். அம்மா அதை என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அது நான் செய்த வினைதான். இன்றைக்கும் உறுத்துகிறது.

துரை மனம் இளகியது என் பேச்சினாலா, இவர் சொன்ன பதிலாலா, அம்மா அப்புறம் தனியாக எடுத்துச் சொன்னதாலா, எனக்குத் தெரியாது. ரொட்டியினால் இல்லை என்று மட்டும் நினைக்கிறேன்.

சுத்தியலையும் கொடிகளையும் ஆபீசில் ஒப்படைக்கப் போனபோது நானும் கூடப் போனேன். திரும்பி வரும்போது கட்டைக்குக் கட்டை கால் வைத்து முன்னால் நடந்தார். தோள் வெறுமையாக இருந்தது. பழக்கத்தில் ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தார்.

"கோவமுங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"சொல்லாதேன்னீங்க. சொல்லிப்போட்டேன்."

பத்துக் கட்டை தாண்டினார்.

"நீ கத்தாம இருந்திருந்தா," என்றார், "நான் கெணத்தடியிலயே நின்னுருப்பேன் புள்ளே. காலு வரலே."

அதற்குமேல் அவரிடம் என்ன கேட்பது? ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. பெண் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த ஒன்றுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

"யாரு சாடைங்க?"

நின்றார். திரும்பவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மூக்கு எங்காத்தா மூக்கு. நெத்தி உன்னோடது. தலை நெறைய முடி. ஈரமா இருந்துச்சு. ஈரத்தோட எப்படி வெக்கறதுன்னு தொடச்சு, தொடச்சு, காய வெச்சேன். அதுலதான் நேரம் போயிருச்சு."